‘மாட்டுத்தாவணியிலிருந்து 10 நிமிடம்’: மனை, வீடு விளம்பரம் நம்பிப் போன அனுபவங்கள்

அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு மனை வாங்கிவிடலாம் என்று நாலு மாதம் விளம்பரங்களாகப் படித்துத் தள்ளினேன். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, மேலூர் ரோட்டுப் பக்கம் ஒன்று பிடித்திருந்தது. ‘மாட்டுத்தாவணியிலிருந்து 10 நிமிடம், 3 சென்ட், அப்ரூவ்டு மனை, முதலீட்டுக்கு ஏற்றது.’

பைக்கில் போனோம். ஒத்தக்கடை தாண்டி உள்ளே திரும்பி, மண் பாதையில் உருட்டிப் போய்ச் சேர 40 நிமிடம். கரண்டு கம்பமே இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வீடும் இல்லை. ‘முதலீட்டுக்கு ஏற்றது’ என்பதற்கு அர்த்தம் அங்கேதான் புரிந்தது: இப்போதைக்குக் குடியிருக்க முடியாது.

3 சென்ட் என்றார்களே, பத்திர நகலில் 1200 சதுரடிதான். ஒரு சென்ட் 435.6 சதுரடி. மூணு சென்ட் என்றால் 1306 வரவேண்டும். கேட்டால், “ரோட்டுக்கு விட்டது போக சார்” என்றார் புரோக்கர். விலை மட்டும் முழு மூணு சென்ட்டுக்கு!

“அப்ரூவல் யாரு குடுத்தது?” என்று கேட்டேன். “பஞ்சாயத்து அப்ரூவல் சார், தலைவர் கையெழுத்து இருக்கு.” தலைவர் கையெழுத்து மட்டும் போட்டால் லேஅவுட் செல்லாது, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20க்குள் விற்றுப் பதிவானவற்றுக்குத்தான் வந்தது. இது அதற்குப் பிறகு பிரித்தது. இத்தனை பெரிய லேஅவுட்டுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் விளம்பரத்திலேயே இருந்திருக்க வேண்டும். அது இல்லாததை நான் கவனிக்கவே இல்லை.

இவ்வளவு நேரமும் கூட வந்த அப்பா என் பக்கத்தில் இல்லை. வரப்போரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேசிக்கொண்டு நின்றார். “ஏங்க, மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?”

“இந்தா, நீங்க நிக்கிற எடந்தேன். கம்மா நெறஞ்சா மறுகால் தண்ணி இப்படித்தேன் வரும்.”

வீட்டுக்கு வந்து சர்வே நம்பரை வைத்து, நில அளவை வரைபடமான புலப்படத்தை எடுத்துப் பார்த்தோம். மனையை ஒட்டியே ஓடை போகிறது. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அந்தப் பெரியவரை நினைத்தால் இன்றைக்கும் மனசு நெகிழ்கிறது.

—

நான் மதுரை வில்லாபுரம் பக்கம். எங்களைக் கவிழ்த்த வார்த்தை ‘ஒத்தி’. மாச வாடகை கிடையாது, மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு இருக்கலாம், காலி பண்ணும்போது முழுசாகத் திருப்பித் தருவார்கள். விளம்பரத்தில் ‘5 லட்சம் ஒத்தி, 3 வருடம், உடனே குடியேறலாம்’ என்று இருந்தது. நகையை வித்துக் கொடுத்தோம். எழுதினது 20 ரூபாய் முத்திரைத் தாளில், பதிவு பண்ணவில்லை. சொந்தக்காரர் அந்த வீட்டை ஏற்கனவே பேங்கில் அடமானம் வைத்திருந்தது, இரண்டாவது வருடம் கதவில் நோட்டீஸ் ஒட்டினபோதுதான் தெரிந்தது. ஒத்தி என்பது சட்டப்படி சொத்தை அடமானம் வாங்குவது. அந்தப் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு பண்ண வேண்டும் என்று அதற்கப்புறம் வக்கீல் சொன்னார். பணம் தவணை தவணையாக வந்தது, இன்னும் ஒன்றரை லட்சம் பாக்கி. ஒத்திக்குப் போகிற அக்கா தங்கச்சிகள் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் தெரிய வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதில் ஒன்றும் வரவில்லை என்றாலும், மூலப் பத்திரத்தைக் கையில் காட்டச் சொல்லுங்கள். எங்களிடம் ஜெராக்ஸ்தான் காட்டினார்கள்.

—

அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ‘1200 சதுரடி, டபுள் பெட்ரூம்’ என்று போட்டிருந்த வீட்டை நானும் என் கணவரும் டேப் பிடித்து அளந்தோம். சுவருக்குள் 860. மீதி மாடிப்படி, லிஃப்ட், வராண்டா. பிரிபடாத பாகம், அதாவது நிலத்தில் நமக்கு வரும் பங்கு, எவ்வளவு என்று கேட்டதும், “அது பத்திரத்துல வரும் மேடம்” என்றார்கள். முதலில் எழுதிக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். பத்து நாளாகிறது, போன் வரவில்லை.