கரடுமுரடான வண்டிகள் மீது ஏன் இந்த ஈர்ப்பு?

கேள்வி: சொகுசும் வேகமும் குறைந்த ஜீப் வகை வண்டிகளைப் பலர் இன்றும் விரும்புவது ஏன்? இவை போருக்காகவே பிறந்தவையா?

மறுமொழி 1: ஜீப்பைப் பொறுத்தவரை ஆம். 1940-இல் அமெரிக்க ராணுவம் கேட்ட இலகுவான உளவு வண்டிக்கு முதல் மாதிரியைச் செய்தளித்தது பான்டம் என்ற சிறு நிறுவனம். பெருமளவு தயாரிப்போ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்ச் சேர்ந்தது, இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடாக இருந்ததால், 1948-இல் அங்கு அறிமுகமான லேண்ட் ரோவர் என்ற ஜீப் வகை வண்டியின் வெளிக்கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது.

மறுமொழி 2: அலுமினியம் என்பதால் லேண்ட் ரோவரின் வெளிக்கூடு துருப்பிடிக்காது, சரி; ஆனால் அடிச்சட்டம் எஃகுதான், அது துருப்பிடிக்கும்! என்னைக் கவர்வது தாழ்நிலைக் கியர்: வேகத்தைக் குறைத்து, சக்கரங்களின் முறுக்குவிசையைப் பெருக்கி, செங்குத்தான சரிவிலும் வண்டியை நிதானமாக ஊர்ந்தேற வைக்கிறது.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்படியானால் வேகக்குறைவே இவற்றின் பலம் போலிருக்கிறது.