ப்ளூரே டிஸ்க்: 29.97 லோகோவும் 25 ஃப்ரேம் படமும் சேரவில்லை

ஃப்ரேம்தேடி:
வணக்கம். ஒரு கல்யாண வீடியோவை பிடி-ஆர் (ஒரு தடவை மட்டும் எழுதும் ப்ளூரே) 25 ஜிபி டிஸ்க்கில் போட வேண்டும். படம் 1920x1080, 25 ஃப்ரேம் ப்ரோகிரஸிவ், 1 மணி 50 நிமிடம். அதற்கு முன்னால் 12 விநாடி ஸ்டுடியோ லோகோ. அது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் டெம்ப்ளேட்டில் செய்தது, 29.97 ஃப்ரேம், எம்பி4, ஏஏசி ஆடியோ. இரண்டையும் டிஎஸ்மக்ஸரில் (வீடியோ, ஆடியோவைச் சேர்த்து ப்ளூரே ஃபைலாக்கும் மென்பொருள்) போட்டு, பிடிஎடிட்டில் (ப்ளூரே ஃபைல்களைத் திருத்தும் மென்பொருள்) இணைத்தேன். கணினியில் எல்லாம் சரி. டிவியோடு இணைத்த பிளேயரில்தான் தகராறு:

லோகோவுக்குச் சத்தமே இல்லை. லோகோ முடிந்து படம் தொடங்கும் இடத்தில் டிவி 2 விநாடி கறுத்துவிடுகிறது. கறுப்புப் பின்னணியில் லோகோவைச் சுற்றியுள்ள ஒளி வளையம் வளையமாகத் தெரிகிறது. ரிமோட்டில் நெக்ஸ்ட் அழுத்தினால் லோகோவைத் தாண்டுவதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பிட்ரேட்பாண்டி:
சத்தம் வராததற்குக் காரணம் ஏஏசி. ப்ளூரேயில் அதற்கு இடமில்லை. பிசிஎம், டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் குடும்பம்தான். கணினி பிளேயர் எதைக் கொடுத்தாலும் வாசிக்கும், அதை நம்பி டிஸ்க் அடிக்கக் கூடாது.

டிவி கறுப்பதற்குக் காரணம் ஃப்ரேம் ரேட். லோகோ 60 ஹெர்ட்ஸில் போகிறது, படம் 50 ஹெர்ட்ஸில். மாறும் இடத்தில் எச்டிஎம்ஐ இணைப்பு புதிதாகக் கைகுலுக்கிக்கொள்ள வேண்டும், அந்த நேரம்தான் கறுப்பு. ஆத்தரிங்கில் (டிஸ்க் அமைப்பில்) எதை மாற்றினாலும் இது போகாது. லோகோவையே 25-இல் மறுபடி ரெண்டர் செய்யுங்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல். 1080-இல் 25 ப்ரோகிரஸிவ் என்பதே ப்ளூரே விதியில் கிடையாது. 1080-க்கு 23.976, 24 ப்ரோகிரஸிவ்; 25, 29.97 இரண்டும் இன்டர்லேஸ்டு (ஒரு ஃப்ரேம் ஒற்றை, இரட்டைக் கோடுகளாக இரண்டு பாதியாக வருவது) மட்டும். நம் ஊரில் பெரும்பாலும் 25-இல்தான் ஷூட் செய்கிறார்கள் என்பதால் எல்லோரும் இங்கே வந்து முட்டுகிறார்கள். வழி இதுதான்: படத்தை ப்ரோகிரஸிவாகவே என்கோட் செய்து, ஸ்ட்ரீமுக்கு மட்டும் இன்டர்லேஸ்டு முத்திரை குத்துவது. எக்ஸ்264 என்கோடரில் 'ஃபேக் இன்டர்லேஸ்டு' என்ற ஆப்ஷன் இதற்கென்றே இருக்கிறது. லோகோ, படம் இரண்டுக்கும் அதே செட்டிங்:

ப்ளூரே காம்பேட், லெவல் 4.1, ஸ்லைஸ் 4, கீஇன்ட் 25, ஓப்பன் ஜிஓபி, ஃபேக் இன்டர்லேஸ்டு. கலர் மூன்றும் பிடி709, எஸ்ஏஆர் 1:1. விபிவி பஃபர் 30000. மேக்ஸ்ரேட்டுக்கு (உச்ச பிட்ரேட், விநாடிக்கு கிலோபிட்டில்) விதி 40000 வரை விடும். எரித்த டிஸ்க்குக்கு நான் 35000-க்கு மேல் வைக்க மாட்டேன். மலிவான பிடி-ஆரில் வாசிப்பு தடுமாறும்போது முதலில் திக்குவது அந்த உச்சிகள்தான்.

கீஇன்ட் (ஒரு கீஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள அதிகபட்ச தூரம்; கீஃப்ரேம் என்பது முழுப் படமாகப் பதியும் ஃப்ரேம்) 25 என்பது 1 விநாடி. உச்சம் 15 மெகாபிட்டுக்குள் இருந்தால் 2 விநாடி வரை போகலாம், ஆனால் 12 விநாடி லோகோவில் எதை மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? விநாடிக்கு 30 மெகாபிட் கொடுத்தாலும் மொத்தம் 45 எம்பிதான்.

ஃப்ரேம்தேடி:
நன்றி பாண்டி சார். ரெண்டர் ஆன எம்பி4-ஐயே 25-க்கு மாற்றினால் போதாதா? டெம்ப்ளேட்டைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

கூட்டுக்காட்சி:
போதாது. 29.97-லிருந்து 25-க்கு இறக்கினால் விநாடிக்கு ஐந்து ஃப்ரேம் காணாமல் போகும். லோகோ மெதுவாக நகரும் இடத்தில் அது குதிப்பது பளிச்சென்று தெரியும். ஃப்ரேம் பிளெண்டிங் போட்டால் எழுத்து இரட்டையாகும்.

டெம்ப்ளேட்டைத் திறக்கப் பயப்பட வேண்டாம். காம்ப் (காம்போசிஷன்) செட்டிங்கில் ஃப்ரேம் ரேட்டை 25 ஆக்குங்கள். அனிமேஷன் கீஃப்ரேம்கள் நேரத்தோடு கட்டப்பட்டவை, இடம் மாறாது. உள்ளே இருக்கும் ப்ரீகாம்ப்களில் (காம்புக்குள் இருக்கும் காம்ப்) 'ப்ரிசர்வ் ஃப்ரேம் ரேட்' போட்டிருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், இதைத்தான் பலர் மறப்பார்கள். டெம்ப்ளேட்டுக்குள் ஏற்கெனவே ரெண்டர் செய்த புகை, தீப்பொறி கிளிப் இருந்தால் இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜில் 25 என்று கொடுங்கள். கிட்டத்தட்ட 1.2 மடங்கு நீளும். அந்த மாதிரி கிளிப்புக்கு அது அழகாகவே இருக்கும். பார்ட்டிகிள் ப்ளக்-இன் இருந்தால் துகள்கள் கொஞ்சம் வேறு இடத்தில் விழலாம், ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

வளையத்துக்கு வருவோம். ப்ராஜெக்ட் 8 பிட்டில் இருக்கிறதா பாருங்கள், 16 ஆக்குங்கள். எம்பி4-ஆக வெளியே எடுக்காமல் ப்ரோரெஸ் 422 எச்க்யூவில் எடுங்கள், அது 10 பிட். டிஸ்க்கில் கடைசியில் 8 பிட்தான் என்றாலும், 10-லிருந்து 8-க்கு இறக்கும்போது எக்ஸ்264 டிதர் செய்துகொள்ளும் (நிறப் படிகள் கோடாகத் தெரியாதபடி நுண்புள்ளிகளாகக் கலப்பது). அதோடு எல்லா லேயருக்கும் மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் மிக லேசாக கிரெய்ன் போடுங்கள், கண்ணுக்குத் தெரியாத அளவில். அந்த கிரெய்னை என்கோடர் வழித்துவிடாமல் இருக்க ட்யூன் கிரெய்ன், ஏக்யூ மோட் 3. மோட் 3 இருட்டுப் பகுதிக்குப் பிட்டைத் தள்ளிவிடும். உங்கள் வளையம் இருப்பதே அங்கேதான்.

இன்னும் இரண்டு விஷயம். இன்டர்லேஸ்டு முத்திரை இருப்பதால் சில டிவிகள் இதை நிஜ இன்டர்லேஸ் என்று நினைத்துப் பிரித்துச் சேர்க்கும். அப்போது லோகோவில் உள்ள மெல்லிய கிடைக்கோடுகள் துடிக்கும். 1 பிக்சல் கோட்டை 3 ஆக்குங்கள், அல்லது செங்குத்தாக மட்டும் ஒரு பொட்டு பிளர். அப்புறம் கறுப்பின் மேல் சுத்தச் சிவப்பு எழுத்து வேண்டாம். டிஸ்க்கின் 4:2:0 வடிவத்தில் நிறத்தின் ரெசல்யூஷன் இரண்டு பக்கமும் பாதி, ஓரம் பிசிறும்.

பிட்ரேட்பாண்டி:
ஆடியோவை விட்டுவிட்டோம். படம் டால்பி டிஜிட்டல் 5.1 என்றால் லோகோவும் அதுவே, அதே பிட்ரேட், 48 கிலோஹெர்ட்ஸ். லோகோ ஸ்டீரியோ பிசிஎம்மாக இருந்தால் ஏவி ரிசீவர் மாறும்போது படத்தின் முதல் அரை விநாடியை விழுங்கிவிடும். இணையத்தில் எடுத்த இசை 44.1-ஆக இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். டயல்நார்ம் (பேச்சின் ஒலியளவைக் குறிக்கும் எண்) மதிப்பும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லோகோ 'டம்' என்று அறைந்துவிட்டு படம் முணுமுணுக்கும்.

லோகோவின் தலையில் 15 ஃப்ரேம், வாலில் 10 ஃப்ரேம் கறுப்பும் மௌனமும் விடுங்கள். டிவியும் ரிசீவரும் விழித்துக்கொள்ள அது கொஞ்சம் உதவும்.

பிளேலிஸ்ட்00001:
நெக்ஸ்ட் வேலை செய்யாததற்கு யூஓபி பூட்டு (ரிமோட் பொத்தான்களைத் தடுக்கும் அமைப்பு) காரணமா என்று முதலில் பாருங்கள். பிடிஎடிட்டில் அந்த பிளேலிஸ்ட்டின் யூஓ மாஸ்க் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். காசு கொடுத்த வீட்டுக்காரர் உங்கள் லோகோவை ஒவ்வொரு தடவையும் முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது நியாயமே இல்லை.

பூட்டு இல்லாமலும் இது நடக்கும். பல பிளேயர்களில் கடைசி சாப்டரில் நின்று நெக்ஸ்ட் அழுத்தினால் எதுவும் நடக்காது. உங்கள் லோகோவில் இருப்பது ஒரே சாப்டர், அதுவே கடைசி. டிஎஸ்மக்ஸரில் சாப்டர் பட்டியலில் 0-விலும், முடிவதற்கு 1 விநாடி முன்னாலும் குறி வையுங்கள். நெக்ஸ்ட் அந்தக் குறிக்குத் தாவும், 1 விநாடியில் படம் வந்துவிடும். குறி விழும் இடத்தில் என்கோடின் கீஃப்ரேம் வேண்டும். க்யூபி ஃபைலில் (எது கீஃப்ரேம் என்று எக்ஸ்264-க்குச் சொல்லும் பட்டியல்) அந்த ஃப்ரேம் எண்ணைக் கொடுத்து என்கோட் செய்யுங்கள்.

இணைக்கும் முறை: படத்தை 00000 என்றே விடுங்கள். லோகோவைத் தனியாக மக்ஸ் செய்யும்போது டிஎஸ்மக்ஸரின் ப்ளூரே பக்கத்தில் முதல் எம்பிஎல்எஸ் (பிளேலிஸ்ட்), முதல் எம்2டிஎஸ் (வீடியோ) எண்களை 1 ஆக்குங்கள். உருவாகும் மூன்று 00001 ஃபைல்களை ஸ்ட்ரீம், க்ளிப்இன்ஃப், பிளேலிஸ்ட் ஃபோல்டர்களில் அதனதன் இடத்தில் போடுங்கள். பிறகு பிடிஎடிட்டில் ஃபர்ஸ்ட் பிளேபேக் காட்டும் மூவி ஆப்ஜெக்ட்டில் இரண்டே வரி: பிளேபிஎல் 1 (லோகோவை ஓட்டு), அடுத்து ஜம்ப்டைட்டில் 1 (படத்துக்குத் தாவு). பேக்கப் ஃபோல்டரில் ஸ்ட்ரீம் தவிர மற்றவற்றின் நகல் இருக்கும், அதையும் புதுப்பியுங்கள்.

ஃப்ரேம்தேடி:
இரண்டையும் ஒரே பிளேலிஸ்ட்டில் போட்டால் இடைவெளியே இருக்காதே?

பிளேலிஸ்ட்00001:
இருக்காது, செட்டிங்கும் ஒன்றாக இருப்பதால் சீம்லெஸ்ஸாக ஓடும். ஆனால் படத்தின் நேரக் கணக்கில் 12 விநாடி கூடும், சாப்டர் 1 என்பது லோகோவாகிவிடும், மெனுவில் பிளே அழுத்தும் ஒவ்வொரு தடவையும் லோகோ வரும். தனி பிளேலிஸ்ட் என்றால் அரை விநாடி போல ஒரு தயக்கம், அவ்வளவுதான். வாலில் விட்ட கறுப்பு அதை மறைத்துவிடும்.

டிஸ்க் இமேஜை இம்ஜ்பர்னில் யூடிஎஃப் 2.50 ஃபைல் அமைப்பில் செய்யுங்கள். முதலில் பிடி-ஆர்இ-யில் (அழித்து எழுதக்கூடிய டிஸ்க்) எழுதி, இரண்டு வேறு கம்பெனி பிளேயரில் போட்டுப் பாருங்கள்.