மரத் தரையில் 120 கேலன் மீன் தொட்டி: கீழிருந்து முட்டுக் கொடுக்கலாமா? அவசரம்

கொழிஞ்சாம்பாறை:
வணக்கம். இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பையன் ஊர் நினைப்பிலேயே இருக்கிறான் என்று, பழைய தொட்டி ஒன்றை மீனோடு வாங்கி ஹாலில் வைத்தேன். 120 கேலன். நேற்று இரவு நிரப்பினோம். காலையிலிருந்து யார் நடந்தாலும் தண்ணீர் ஆடுகிறது, பக்கத்து அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலு என்கின்றன. மனைவி பையனை அந்தப் பக்கமே விடமாட்டேன் என்கிறாள். கீழே ஒரு தூண் நிறுத்தினால் சரியாகுமா? என்ன தூண் வாங்குவது?

நகரி:
தம்பி, வந்த முதல் வருஷம் கனமான எதையும் வாங்கக் கூடாது. நாங்கள் ஐந்து மாதம் மெத்தையைத் தரையில் போட்டுத்தான் படுத்தோம். வீடு மாறும்போது நான்கு பெட்டி, ஒரு குக்கர், அவ்வளவுதான். அதற்கே முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. ஊரில் எங்கள் தாத்தா தறியைக் கீழ்த்தளத்தில்தான் போட்டார், மாடிக்கு ஏற்ற விடவே மாட்டார். தொட்டியை வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

மூணாறு:
கொடுக்கவே வேண்டாம். ஸ்டாண்டுக்கு அடியில் முக்கால் அங்குல பிளைவுட் போடுங்கள், பாரம் பரவிவிடும். நான் மூன்று வருஷமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பாறசாலை:
பிளைவுட் கொஞ்சம் பரப்பும், அடியில் உள்ள கட்டைக்குப் பலம் கூட்டாது. உங்கள் தொட்டி எத்தனை கேலன்?

மூணாறு:
55.

பாறசாலை:
அவருடையது இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் இந்த ஊர் வீடுகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம்தான். சுவரில் ஆணி அடித்தால் உள்ளே வெறும் காற்று. முதல் குளிர்காலத்தில் ராத்திரி முழுக்க மரம் படபடவென்று சத்தம் போட்டது. வீடு இடிகிறது என்று எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

நகரி:
அந்த வீட்டுக்கு வாடகை கேட்டால் மயக்கம் வருகிறது. இங்கே வாடகை கட்டிய பழைய ரசீது கேட்கிறார்கள், புதிதாக வந்தவன் எங்கே போவான்?

மூணாறு:
மட்டை அரிசி விலையும் ஏறிவிட்டது அக்கா.

கொல்லங்கோடு:
தம்பி கேட்டது அப்படியே கிடக்கிறது. நான் இங்கே கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தம்பி, இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் விட்டு மீதியை எடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஹீட்டரை அணையுங்கள், தண்ணீருக்கு வெளியே சூடானால் அதன் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். ஃபில்டர் காற்றை இழுத்தால் அதையும் நிறுத்தி, ஏர் பம்பை ஓட விடுங்கள். அப்புறம் சொல்லுங்கள்: எந்த நாடு, சொந்த வீடா, ஹாலுக்குக் கீழே என்ன இருக்கிறது, தரையைத் தாங்கும் கட்டைகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன?

கொழிஞ்சாம்பாறை:
தண்ணீர் எடுத்துவிட்டோம் அக்கா. கனடா, வாடகை வீடு. கீழே பேஸ்மென்ட். நம் ஊர்க் கொத்தனார் சொல்லும் பேஸ்மென்ட் இல்லை, வீட்டுக்கு அடியில் முழு அறை. மேலே பார்த்தால் கட்டைகள் திறந்தே தெரிகின்றன. தொட்டியின் நீளமும் கட்டைகளும் ஒரே திசை. தொட்டிக்கு நேர் கீழே ஒரு கட்டையின் அடிப்பக்கத்தை, நடுவில், குழாய்க்காக இரண்டு விரல் ஆழம் வெட்டியிருக்கிறார்கள்.

கொல்லங்கோடு:
அந்த வெட்டுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 120 அமெரிக்க கேலன் என்றால் 454 லிட்டர், அதாவது 454 கிலோ. கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டும். எல்லாம் நான்கடிக்கு இரண்டடி இடத்தில் நிற்கிறது. அங்கே வீட்டு ஹாலைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கில்தான் கட்டுகிறார்கள். அது அறை முழுக்கப் பரவும் பாரத்துக்கான கணக்கு, அதனால் ஓர் இடத்தில் கூடினால் உடனே இடிந்துவிடாது. தரை அதிர்வதும் இடிவதும் வேறு வேறு. ஆனால் ஹால் நிறைய விருந்தாளிகள் நின்றாலும் இரவில் கிளம்பிவிடுவார்கள், தண்ணீர் அங்கேயே நிற்கும். நிற்கிற பாரத்தில் மரம் வருஷக் கணக்கில் தொய்யும்.

கட்டைகள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்று. தொட்டி அவற்றுக்குக் குறுக்கே இருந்தால் மூன்று, நான்கு கட்டைகள் பங்கு போட்டுக்கொள்ளும். உங்களுக்கு ஒன்றிரண்டுதான் தாங்குகின்றன, அதிலும் ஒன்று வெட்டுப்பட்டது. அடிப்பக்கத்தில் நடுவே வெட்டவே கூடாது, மரம் இழுபடுவது அங்கேதான். அந்தக் கட்டையோடு அதே உயரக் கட்டை ஒன்றைச் சேர்த்து போல்ட் போட வேண்டும். பிறகு தொட்டிக்குக் கீழே எல்லாக் கட்டைகளுக்கும் குறுக்காக ஓர் உத்தரம், அதன் இரு முனையிலும் திருகு ஜாக்கித் தூண், அதாவது திருகி உயரத்தைக் கூட்டும் இரும்புத் தூண். ஒற்றைத் தூணை ஒரு கட்டைக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. தூணின் அடியில் அகலமான இரும்புத் தகடு வேண்டும். நிரந்தரமாக நிற்கப்போவதால் அஸ்திவாரமும் அனுமதியும் கேட்பார்கள்.

எங்கள் வீட்டு மச்சில் நெல் மூட்டை அடுக்கி, ஒரு மழைக்காலத்தில் உத்தரம் தொய்ந்துவிட்டது. ஆசாரி தரையில் கருங்கல் பலகை வைத்து, பனங்கட்டையை நிறுத்தி, தலையில் ஆப்பு தட்டினார். அப்பா "இன்னும் கொஞ்சம் தட்டுங்கள், மேலே ஏறட்டும்" என்றார். ஆசாரி ஆப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "தொட்டுக்கொண்டு நின்றால் போதும், தூக்கினால் சுவர் விரியும்" என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். ஜாக்கியையும் அப்படித்தான் திருக வேண்டும். உத்தரம் கட்டையைத் தொட்டதும் நிறுத்துங்கள். குளிர்காலத்தில் மரம் காய்ந்து சுருங்கும், ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் கேட்காமல் ஓர் ஆணியும் அடிக்க வேண்டாம். வெட்டு அவருடைய வீட்டில் உள்ள குறை, போட்டோ எடுத்து எழுத்தில் அனுப்புங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
அனுப்பிவிட்டேன் அக்கா. சனிக்கிழமை ஒரு இன்ஜினியரோடு வருகிறார். அதுவரை தொட்டியை நகர்த்தலாமா?

கொல்லங்கோடு:
தண்ணீரோடு நகர்த்தினால் மூலையில் ஒட்டு விட்டுவிடும். முழுக்க வடித்து, மீனைப் பெரிய டப்பில் போட்டு, வெளிச்சுவர் ஓரமாகக் கட்டைகளுக்குக் குறுக்கே வையுங்கள். கட்டையின் முனை அஸ்திவாரச் சுவரில் உட்காரும் பக்கம் அதுதானா என்று முதலில் கீழே போய்ப் பாருங்கள். டப்புக்கு ஏர் பம்ப் மறக்க வேண்டாம்.