ஃபில்டர் காப்பி கசக்கிறது: தப்பு தண்ணீரிலா, தூளிலா?

பாயான் லெப்பாஸ் தம்பி: வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் அரை கிலோ தூள் வாங்கி, அம்மாவின் பித்தளை ஃபில்டரில் இறக்குகிறேன். முதல் வாரம் அருமையாக இருந்தது. இப்போது மூன்றாவது வாரம், டிகாஷன் கசக்கிறது, மணமே இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஊற்றுகிறேன். அதுதான் காரணமா?

செந்தூல் அக்கா: அதேதான் தம்பி. அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு ஊற்றுங்கள். 90 முதல் 96 டிகிரி சூடு போதும். அப்புறம் தூளில் கலக்கும் சிக்கரியை விட்டுவிடுங்கள். அது காப்பியே இல்லை, ஒரு செடியின் வேர். வெறும் பீபெர்ரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் காப்பிக்கொட்டை) வாங்கி வீட்டிலேயே அரைத்துப் பாருங்கள்.

ஜெலுத்தோங் அண்ணன்: தண்ணீர்மேல் பழி போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறிக் கிடக்கும் ஃபில்டரில் கொதிநீரை ஊற்றினால் பித்தளையே சூட்டை இழுத்துக்கொள்ளும். இன்னும் ஆறவிட்டால் டிகாஷன் தண்ணியாகத்தான் இறங்கும். முதல் வாரமும் இதே கொதிதானே, காப்பி நன்றாக இருந்ததே! மாறினது தூள். தம்பி, தூளை எதில் வைத்திருக்கிறீர்கள்?

பாயான் லெப்பாஸ் தம்பி: வாங்கின காகிதப் பையிலேயே, ரப்பர் பேண்ட் போட்டு, அடுப்புக்கு மேல் அலமாரியில்.

ஜெலுத்தோங் அண்ணன்: சூடு, நீராவி, நம் ஊர் ஈரக்காற்று, மூன்றும் சேர்ந்தால் அரைத்த தூள் என்ன ஆகும்? காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், 200 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். சிக்கரியை நான் விடச் சொல்ல மாட்டேன். எண்பது பங்கு காப்பிக்கு இருபது பங்கு சிக்கரி கலந்தால் தண்ணீர் மெதுவாக இறங்கும், டிகாஷன் கெட்டியாக வரும், பால் ஊற்றினாலும் நிறமும் கனமும் நிற்கும். பால் இல்லாமல் குடிப்பவருக்கு வெறும் பீபெர்ரி சரி.

செந்தூல் அக்கா: டப்பா விஷயம் சரிதான், தம்பி மூன்றாவது வாரம் என்று எழுதினதை நான் கவனிக்கவில்லை. சிக்கரியில் மட்டும் இறங்கி வரமாட்டேன். இருபது என்று சொல்லி விற்ற ஒரு கடையில் இரண்டு வருடம் வாங்கினேன். ஒருநாள் ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தேன். காப்பித் தூள் மிதக்கும். சிக்கரி உடனே மூழ்கும், போகிற வழியெல்லாம் பழுப்புக் கோடு இழுக்கும். அன்று பாதிக்கு மேல் அடியில் கிடந்தது. அதிலிருந்து கலந்த தூளை நம்புவதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசி: பசாரில் விற்கும் கோப்பித் தூளை (நம் மலேசியக் கடைக் காப்பித் தூள்) ஃபில்டரில் போடலாமா? விலை குறைவு.

ஜெலுத்தோங் அண்ணன்: வேண்டாம். கோப்பிக் கொட்டையைப் பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். நான் ஒருமுறை போட்டேன். சீனி இளகி ஓட்டைகளை அடைத்து, காலைவரை தண்ணீர் மேலேயே நின்றது. ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். கோப்பிக்குத் துணி வடிகட்டிதான் தோது.

செந்தூல் அக்கா: இதில் நானும் அண்ணன் பக்கம்.

பாயான் லெப்பாஸ் தம்பி: அக்கா சொன்னபடி ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தேன். பெரும்பாலும் மிதக்கிறது, ஆனால் தூள் கட்டி கட்டியாக இருக்கிறது. சனிக்கிழமை புதிதாக 200 கிராம் வாங்கி டப்பாவில் போடுகிறேன். ஒருநாள் கொதிநீர், மறுநாள் ஒரு நிமிடம் ஆறவிட்ட நீர். இரண்டையும் குடித்துவிட்டு எழுதுகிறேன்.