நாரோபோட்டில் ஒரு வாரம்: ஃபோர் கவுன்டீஸ் ரிங் சரிவருமா?

நாங்கள் ஆறு பேர், கல்லூரிக் காலத்து நண்பர்கள். இப்போது பர்மிங்காம், லீட்ஸ் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஜூனில் ஒரு வாரம் நாரோபோட் (தங்குவதற்கு வசதியுள்ள குறுகலான கால்வாய்ப் படகு) வாடகைக்கு எடுத்து, இங்கிலாந்துக் கால்வாய்கள் வளையமாக இணையும் ஃபோர் கவுன்டீஸ் ரிங்கை முழுதாகச் சுற்றி வரலாம் என்று ஆசை. சுமார் 110 மைல், 94 லாக் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி). யாருக்கும் படகு ஓட்டிப் பழக்கமில்லை. முடியுமா?

பதில் 1:
முடியும், ஆனால் வேண்டாம். கால்வாயில் மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். உங்கள் கணக்கில் 204, அதாவது 68 மணி நேரம். லாக் வேலைக்கு ஆறு பேர் இருப்பதால் கொஞ்சம் குறையும், ஆனாலும் தினமும் ஒன்பது பத்து மணி நேரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், வேகத்தைக் கூட்டலாம் என்றால் சட்டப்படி மணிக்கு 4 மைலுக்கு மேல் கூடாது, கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதிதான். பேசி உட்கார நேரம் எங்கே?

ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் நாப்டன் பக்கம் படகு எடுத்து க்ரோப்ரெடி வரை போய்த் திரும்புங்கள். நாப்டனில் ஒன்பது லாக் ஏறியதும் மேலே 11 மைலுக்கு லாக்கே கிடையாது. கால்வாய்ப் பொறியாளர் பிரிண்ட்லி காலத்தில் மேட்டை வெட்டாமல் நிலமட்டத்தை ஒட்டியே கால்வாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள், அதனால் ஒரே மேடு ஒரு சமயம் இடப்பக்கம் தெரியும், அப்புறம் வலப்பக்கம் தெரியும். எனக்கு இங்கிலாந்திலேயே மிகப் பிடித்த இடம் அதுதான். காலையில் ஜன்னலைத் திறந்தால் விளிம்புக்குச் சற்றுக் கீழே தண்ணீர், கைக்கெட்டும் தூரத்தில் வாத்து தன் குஞ்சுகளோடு.

பதில் 2:
லாக்கில் இறங்கும்போது மட்டும் யாரும் பேச்சில் மூழ்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். மேல்கதவுக்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு கல் திட்டு இருக்கும், அது எதுவரை நீள்கிறது என்று கரையில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். எங்கள் படகின் பின்பக்கம் அந்தத் திட்டில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க முன்பக்கம் தாழ்ந்து, மேசையில் இருந்த டீ டம்ளர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து விழுந்தன. கீழ் மதகை உடனே மூடி, மேல் மதகைத் திறந்து தண்ணீர் விட்ட பிறகுதான் படகு நிமிர்ந்தது. மதகு திருப்பும் கைப்பிடியோடு ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும், ஓட்டுபவர் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பதில் 3:
சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும், அரை நாளில் கை பழகிவிடும். எதிரில் படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள், சாலை மாதிரி இடப்பக்கம் இல்லை. குடிதண்ணீர்க் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் தொட்டியை நிரப்பிவிடுங்கள், ஆறு பேர் குளித்தால் சீக்கிரம் காலியாகும். படகு ஏழு அடி அகலம்கூட இருக்காது, அதனால் பெரிய பெட்டி வேண்டாம், மடிக்கிற பை போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ரிங்கை விட்டுவிட்டோம், ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்தான். வெள்ளைக்கோடு பற்றி எல்லாருக்கும் இன்றைக்கே அனுப்பிவிட்டேன்.