மறு: [கலைச்சொல்] ஆண்டெனா ‘ஸ்டேக்கிங்’ – அடுக்கா, இணையா?

மொ. எழுதியது:

வணக்கம். அமெச்சூர் வானொலிக் கையேட்டில் ஆண்டெனா அத்தியாயம் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போயாக வேண்டும். ஒரே கோபுரத்தில் ஒரே மாதிரியான இரண்டு யாகிகளை (ஒரு திசை நோக்கி அலையைக் குவிக்கும், வரிசையாகக் குறுக்குக் கம்பிகள் கொண்ட ஆண்டெனாக்களை) ஏற்றி, இரண்டையும் சேர்த்து ஒன்றாக இயக்குவதற்கு ‘ஸ்டேக்கிங்’ என்று பெயர். ‘அடுக்குதல்’ என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர், தட்டு கழுவி அடுக்குவது போல இருக்கிறது என்கிறார். வேறு சொல் உண்டா?

இரா. எழுதியது:

அடுக்குக்கு என்ன குறை? கணினியில் அதையே ஆள்கிறோம், கணக்கில் அடுக்குக்குறி இருக்கிறது. கொஞ்சம் கம்பீரம் வேண்டுமென்றால் ‘அடுக்கம்’. குறிஞ்சிப் பாட்டுகளில் மலைச்சரிவுக்கு வரும் சொல். உயரமும் அதில் வந்துவிடுகிறது.

வே. எழுதியது:

ஐயா, மலை ஏறும் முன் கோபுரம் ஏறிவிடலாம். உச்சிக் குழாயில் 20 மீட்டர், 15 மீட்டர், 10 மீட்டர் அலைநீளப் பட்டைகளுக்குத் தனித்தனி யாகிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவது உண்டு. பார்வைக்கு அதுவும் அடுக்குதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. கையேடு சொல்வது அதுவல்ல. ஒரே பட்டை, ஒரே வடிவம், ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் பிரிப்பானிலிருந்து இரண்டுக்கும் சம நீளக் கேபிள். அலைகள் ஒரே கட்டத்தில், அதாவது ஏற்ற இறக்கம் ஒன்றாக அமையும்படி, கிளம்பினால்தான் முன்பக்கம் வலு கூடும். ஏட்டில் 3 டெசிபெல், அதாவது இரு மடங்கு, கைக்கு வருவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒன்றின் இணைப்பு மட்டும் தலைகீழாகிவிட்டால் நேர் முன்னே இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆக, ‘அடுக்கு’ மாட்டியிருக்கும் விதத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை.

அப்புறம், பக்கம் பக்கமாகவும் வைப்பார்கள். மேல்கீழாக வைத்தால் அலைக்கற்றை மேல்கீழாக ஒடுங்கும், பக்கவாட்டில் வைத்தால் பக்கவாட்டில் ஒடுங்கும். பக்கத்தில் இருப்பதையும் அடுக்கு என்பதா? ‘ஒருகட்ட இணை’ என்பது என் யோசனை.

இரா. எழுதியது:

தாராளமாக என்கலாம். அடு என்றாலே நெருங்கு. அடுத்த வீடு பக்கத்து வீடுதானே, மாடி வீடு இல்லையே. நன்னூலார் ‘ஒருசொல் இரண்டு மூன்று நான்கு எல்லைமுறை அடுக்கும்’ என்கிறார். நீங்களும் இரண்டு, மூன்று, நான்கு என்றுதானே ஏற்றுகிறீர்கள்? இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் போய்விடும், அடுக்குத்தொடரைப் பிரித்தால் ஒவ்வொரு சொல்லும் தனியே நிற்கும். ஒரு யாகியைக் கழற்றினாலும் மற்றது பாடும் அல்லவா?

வே. எழுதியது:

பாடும், சுருதி தப்பி. இரண்டு 50 ஓம் சேர்ந்தால் 25 ஓம். அதைத் திரும்ப 50-க்குக் கொண்டுவரத்தான் கால் அலைநீளத் துண்டு ஒன்றைப் பிரிப்பானில் வைக்கிறோம். பிரிப்பானில் ஒன்றைக் கழற்றிவிட்டால் கணக்கு கெட்டு, நிலையலை விகிதம் (பொருத்தம் சரியாக இருந்தால் 1) 2-க்குப் போய்விடும். இலக்கணப்படி இது பாதி இரட்டைக்கிளவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செ. எழுதியது:

அடுக்கா இணையா என்று சண்டை போடுகிறீர்கள், ‘ஆண்டெனா’ பற்றி யாருக்கும் கவலையில்லை. அலைவாங்கி என்ற நல்ல சொல் இருக்கிறது. யாகியையும் கொஞ்சம் யோசியுங்கள். அந்த ஜப்பானியர் பெயரை எழுதும் சித்திர எழுத்துகளுக்கு ‘எட்டு மரம்’ என்று பொருள். நமக்கும் யா ஒரு மரம், யானை பட்டை உரித்துத் தின்னும் மரம். இது தற்செயலா?

ம. எழுதியது:

தற்செயல்தான் ஐயா. அந்தப் பெயரில் ‘யா’ எட்டு, ‘கி’தான் மரம். வேர் தேடப் போய் வேறு மரத்தில் ஏறிவிட்டீர்கள். பெயரைப் பற்றிப் பேசுவதானால், 1926-இல் ஜப்பானில் இதை வெளியிட்டபோது வேலையில் பெரும்பங்கு யாகியின் சகாவான உடாவுடையது. கையேட்டில் ஒரு இடத்திலாவது ‘யாகி-உடா’ என்று வரட்டும். அலைவாங்கி வாங்க மட்டும்தான் செய்யும். இங்கே அதை வைத்து அனுப்பவும் செய்கிறோம்.

தி. எழுதியது:

வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் ஒன்று. ‘ஒருகட்ட’ என்றதும் பிள்ளைகள் வீட்டு மின்சாரத்தை நினைப்பார்கள். சிலர் ‘ஒரு கட்டத்தில்’ என்றே படிப்பார்கள். கட்டத்துக்கு இலங்கைப் பாடநூல்கள் ஆளும் ‘அவத்தை’யில் அந்தக் குழப்பம் இல்லை, ஆனால் இங்கே அதை விளக்கத் தனி வகுப்பு எடுக்க வேண்டும். ‘இசைவடுக்கு’ எப்படி?

வே. எழுதியது:

வானொலிப் புத்தகத்தில் ‘இசை’ என்று தொடங்கினால் பாட்டுப்பெட்டி பற்றி என்று நினைத்துவிடுவார்கள், அம்மா.

மொ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. களைத்துப்போனவர்கள் பெரும்பாலும் அடுக்கு பக்கமே சாய்ந்திருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் வசதி, அடுத்த பக்கம் முழுக்க ‘அடுக்கு இடைவெளி’தான். நீண்ட யாகியின் கற்றை குறுகலாக இருக்கும், அதனால் இடைவெளியைக் கூட்ட வேண்டும் என்ற வாக்கியத்தில் ‘ஒருகட்ட இணை இடைவெளி’யை எழுதிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது. வே. ஐயாவின் பல பட்டை ஏற்பாட்டுக்கு அடுக்கு என்ற சொல்லையே தொடமாட்டேன். அங்கே ‘ஒரே கம்பத்தில் பல யாகி’. ஆண்டெனா ஆண்டெனாவாகவே இருக்கும், செ. ஐயா பொறுத்தருள்க.

வே. எழுதியது:

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒன்று மட்டும் செய்யுங்கள்: படத்தில் இரண்டு யாகிகளிலும் கேபிளின் நடுக்கம்பி எந்தப் பக்கம் சேர்கிறது என்பதை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். ‘அடுக்கு’ என்பதை மட்டும் படித்துவிட்டு ஏறுகிறவர் ஒன்றை இடம், ஒன்றை வலம் என்று மாட்டிவிட்டு இறங்குவார். அப்புறம் யார் ஏறிக் கழற்றுவது?