சிறுவனின் பெயரையும் படத்தையும் வெளியிட்ட சேனல் மீது எங்கே புகார் கொடுப்பது?

வணக்கம். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். என் அக்காள் மகனுக்கு வயது 16. போன மாதம் கோயில் கொடையில் நடந்த அடிதடி வழக்கில் அவனும் இருக்கிறான். இளைஞர் நீதிக் குழுமத்தில் விசாரணை நடக்கிறது. அவன் செய்தது தவறு, அதை நான் மறைக்க வரவில்லை.

ஆனால் மறுநாளே உள்ளூர் யூடியூப் சேனல் ஒன்று அவன் பெயர், பள்ளி, தெரு, சாதி எல்லாவற்றையும் படத்தோடு வெளியிட்டது. இப்போது பஸ்ஸில்கூட அவனைக் கைகாட்டிப் பேசுகிறார்கள். மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. அடிபட்ட பையனுக்கும் வயது 15தான். அவன் முகமும் அதே வீடியோவில் இருக்கிறது. அந்த வீட்டாருக்கும் இதே வேதனை.

2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைச் சொல்லியே சேனல்காரரிடம் பேசினேன், பொதுநலன் என்றார். யூடியூபுக்கு இரண்டு முறை புகார் அனுப்பினேன், பதிலில்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தேன், குறித்துக்கொண்டார்கள். காவல் நிலையத்திலோ, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இந்தப் பிரிவில் விசாரிக்க முடியாது என்கிறார்கள்.

தேதியோடு ஸ்கிரீன்ஷாட்டுகள் வைத்திருக்கிறேன். இணைப்பை இங்கே போட மாட்டேன், பிள்ளைகளின் முகம் இன்னும் பரவும்.

74ஆம் பிரிவுப் புகாரை நான் குற்றவியல் நடுவரிடம் கொடுக்க வேண்டுமா, திருநெல்வேலியில் குழந்தைகள் நீதிமன்றத்திலா?